வலிக்குக் கஞ்சா: எந்த வழி?

"ஏன் மாப்ள, பெங்களூர்ல கஞ்சா எண்ணெய் விக்கிறாங்களாமே. நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விட்டா இடுப்பு வலி பறந்துடுமாம். நெசமா?"

மாமா இதைக் கேட்டபோது டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பர்கூரில் கஞ்சா என்றால் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பிடிபட்ட மூட்டைகளும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும் போலீஸாரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அதை மருந்து என்று ஒருவர் பகலில் சத்தமாகச் சொன்னால் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

மாமா கிரானைட் பாலிஷ் பட்டறையில் இளமையைக் கழித்தவர். இப்போது குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஜவுளிக் கடைகளிலிருந்து பேல் ஏற்றி ஓசூர் வரைக்கும் போய் வருவார். இடுப்பில் கிளம்பும் வலி தொடை வழியாக இறங்கிக் கணுக்கால் வரைக்கும் இழுக்கும். போதாததற்குச் சர்க்கரை வேறு. ராத்திரியில் உள்ளங்கால் எரிச்சல். நான் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. கடைக்கு வரும் பலர் இதையே குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அதனால் அன்றைக்கு மாமாவிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

"ரெண்டாவது டீயும் சொல்லிடுங்க மாமா, இது ஒரு டீயில முடியற விஷயமில்ல" என்றுதான் ஆரம்பித்தேன்.

கஞ்சாச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. வலி பற்றிய பேச்சில் இரண்டு போதும். ஒன்று டி.எச்.சி. போதை தருவது அதுதான், வலியைக் கொஞ்சம் மங்கச் செய்வதும் பெரும்பாலும் அதுதான். 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் காட்டினார்கள். இன்னொன்று சி.பி.டி. அது போதை தராது. சில வகை வலிப்பு நோய்களுக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து. வலிக்கு அது தனியாகக் கேட்கிறது என்பதற்குச் சான்று பலவீனம். விளம்பரங்களில் பெரும்பாலும் சி.பி.டி.யைத்தான் வலி நிவாரணி என்று பாடுகிறார்கள்.

பொருள் ஒன்றேயானாலும் உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து அது வேறு வேறு மருந்தாக நடந்துகொள்கிறது. இது தெரியாமல்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், சிலர் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள்.

முதலில் புகை. இழுத்த சில நிமிடங்களில் டி.எச்.சி. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போய்விடும். அரை மணிக்குள் உச்சம். இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். திடீரென்று வெட்டி இழுக்கும் வலிக்கு இந்த வேகம் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் மாமாவுக்கு இருப்பது விடிய விடிய இருக்கும் வலி. புகையை நம்பினால் நாளைக்கு ஆறேழு தடவை இழுத்தாக வேண்டும். எரியும் இலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் பீடியில் வருவதைப் போலவே இதிலும் வரும். அதோடு, நம் பக்கத்தில் அதைப் புகையிலையோடு கலந்துதான் சுருட்டுகிறார்கள். வருஷக்கணக்கில் கிரானைட் தூளைச் சுவாசித்த நுரையீரலுக்கு இதைவிடக் கெடுதல் வேறு வேண்டாம்.

புகையாக எடுப்பதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியலில் மார்க் வேர் தலைமையிலான குழு, காயத்துக்கோ அறுவைக்கோ பிறகு நரம்பு வலி வந்த 23 பேருக்கு 25 மில்லிகிராம் கஞ்சாவை அளந்து, ஒரே ஒரு இழுப்பாக நாளைக்கு மூன்று வேளை கொடுத்தது. 2010-ல் முடிவு வெளியானது. டி.எச்.சி. நீக்கிய சரக்கை இழுத்தபோது வலி பத்துக்கு 6.1. டி.எச்.சி. 9.4 சதவீதம் இருந்ததை இழுத்தபோது 5.4. வித்தியாசம் முக்கால் புள்ளிகூட இல்லை. தூக்கம் கொஞ்சம் நன்றாக வந்தது என்றார்கள். மருத்துவர்கள் ஒரு வேளைக்குக் கொடுத்த அளவு 25 மில்லிகிராம் என்பதைக் கவனியுங்கள். தெருவில் ஒரு சுருட்டில் போவது அதைப்போலப் பல மடங்கு.

எரிக்காமல் சூடாக்கி ஆவியை மட்டும் இழுக்கும் கருவிகளும் உண்டு. அவற்றில் தார் குறைவு. 2013-ல் கலிஃபோர்னியாவில் பார்த் வில்சி குழு 39 நரம்பு வலிக்காரர்களுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தது. 1.29 சதவீத டி.எச்.சி. தந்த நிவாரணமும் 3.53 சதவீதம் தந்த நிவாரணமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. மூன்று மடங்கு கூட்டியும் வலிக்குக் கூடுதல் பலன் இல்லை, தலை மட்டும் கூடுதலாகக் கிறங்கியது. "ஸ்ட்ராங்கா இருந்தாத்தான் கேக்கும்" என்பவர்கள் இதைக் காதில் வாங்க வேண்டும். மின் சிகரெட்டில் போடும் கஞ்சாக் குப்பிகள் வேறு ரகம். அமெரிக்காவில் 2019-ல் அவற்றில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் பலரின் நுரையீரலைப் புண்ணாக்கியது, உயிர்களும் போயின. நம் நாட்டில் மின் சிகரெட்டே 2019 முதல் தடை.

"அப்ப லேகியமாச் சாப்பிட்டா?" என்றார் மாமா.

வாய்வழிதான் நம் நாட்டின் பழைய வழி. ஆயுர்வேதத்தில் ஜாதிபலாதி சூரணம் போன்ற மருந்துகளில் கஞ்சா இலை உண்டு. விஜயா என்பது அங்கே அதன் பெயர். இலையைப் பாலில் வேகவைத்தோ நெய்யில் வறுத்தோ சுத்தி செய்யச் சொன்னதில் வேதியியல் இருக்கிறது. பச்சை இலையில் டி.எச்.சி. அதன் அமில வடிவத்தில் கிடக்கும், சூடு பட்டால்தான் டி.எச்.சி.யாக மாறும். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். நெய்யும் பாலும் இல்லாவிட்டால் அது இலையை விட்டு இறங்காது. இந்த வேதியியல் பெயர்கள் எதுவும் இல்லாத காலத்திலேயே வைத்தியர்கள் இதைக் கைப்பழக்கமாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

விழுங்கியது குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் பெரும்பகுதியை அழித்துவிடும். விழுங்கிய டி.எச்.சி.யில் பத்தில் ஒரு பங்கு ரத்தத்துக்கு வந்து சேர்ந்தால் பெரிது. ஆனால் போகிற போக்கில் கல்லீரல் அதன் ஒரு பகுதியை இன்னொரு பொருளாகவும் மாற்றிவிடுகிறது. அந்தப் பொருளும் போதை தருவது, மூளைக்குள் இன்னும் எளிதாக நுழைவது. அதனால் வாய்வழி எடுத்தது மெதுவாக ஏறும், ஏறினால் பலமாக ஏறும், இறங்கவும் நேரம் எடுக்கும். ஆரம்பிக்க ஒரு மணி, இரண்டு மணி, சிலருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் நிற்கும். வெறும் வயிற்றில் ஒரு மாதிரி, எண்ணெய்ப் பதார்த்தத்துக்குப் பிறகு ஒரு மாதிரி. சி.பி.டி. திரவத்தைக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு நாலைந்து மடங்கு கூடுகிறது என்று மருந்துச் சீட்டிலேயே போட்டிருக்கிறார்கள். நேற்று பிரியாணிக்குப் பிறகும் இன்று கஞ்சிக்குப் பிறகும் ஒரே அளவு எடுத்தவருக்கு இரண்டு நாளும் ஒன்றாக இருக்காது.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஐரிஷ்காரர் வில்லியம் புரூக் ஓஷாக்னஸி, இந்தியர்கள் கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்துவதைப் பார்த்து, முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துக் குறிப்பெடுத்தார். 1838 நவம்பர் 6 அன்று மதியம் 2 மணிக்கு, மூட்டுவாத நோயாளிகள் மூன்று பேருக்குக் கஞ்சாப் பிசினில் ஒரு கிரெயின், நம் கணக்கில் சுமார் 65 மில்லிகிராம், கரைத்துக் கொடுத்தார். 4 மணிக்கு ஒருவர் வாய் ஓயாமல் பேசினார், பாடினார், கூடுதல் சாப்பாடு கேட்டார், தனக்கு நோயே இல்லை என்றார். மற்ற இருவருக்கும் அப்போது ஒன்றும் தெரியவில்லை. 6 மணிக்குப் பாடியவர் தூக்கத்தில் சாய்ந்தார். 8 மணிக்கு நினைவே இல்லை. மூச்சு மட்டும் சீராக ஓடியது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நின்றது. நள்ளிரவு தாண்டித்தான் தெளிந்தார். ஒரே சரக்கு, ஒரே அளவு, ஒரே நேரம். ஆனால் ஒருவருக்கு நடந்தது பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு நடக்கவில்லை. ஓஷாக்னஸி 1839-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஐரோப்பிய வைத்தியத்துக்குள் கஞ்சா போனது. அந்த வைத்தியம் பிறகு அதைக் கைவிட்டதற்கு இந்த நிலையில்லாத குணமும் ஒரு காரணம். அளந்து ஊசியில் போடக்கூடிய மார்ஃபினும், மாத்திரையாக வந்த ஆஸ்பிரினும் வந்த பிறகு இதைக் கட்டி மேய்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

வாய்வழி எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவது உருண்டையைப் போட்டுக்கொள்வார்கள். முதலாவது ஏறும் நேரத்தில் இரண்டாவதும் சேர்ந்து ஏறும். நெஞ்சு படபடப்பு, செத்துவிடுவோமோ என்ற பயம், வாந்தி, எழுந்தால் கண் இருட்டிக் கீழே விழுதல். வயதானவர்களுக்கு அந்த விழுதலே இடுப்பெலும்பை முறித்துவிடும். ஹோலி நாளில் வடநாட்டு ஆஸ்பத்திரிகளில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு குடித்துவிட்டு வந்து படுக்கிறவர்களிலும் பலர் இந்த வகைதான்.

மாமா கேட்ட நாக்கடிச் சொட்டுக்கு வருகிறேன். நாக்குக்கு அடியில் உள்ள மெல்லிய தோல் வழியாக மருந்து நேராக ரத்தத்துக்குப் போனால் கல்லீரலைத் தப்பிக்கலாம். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை அந்த வழிதான். ஆனால் எண்ணெய் எச்சிலோடு சேராது. ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருந்தாலும் பெரும்பகுதி தொண்டைக்குள்தான் போகும். அதாவது நாக்கடிச் சொட்டு என்று நினைத்துக்கொண்டு நீங்கள் விழுங்கும் மருந்தைத்தான் எடுக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் கேட்கும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி மறுபடி சொட்டு விடக் கூடாது.

இந்தச் சிக்கலுக்காகவே நபிக்ஸிமால்ஸ் என்ற ஸ்பிரேயைச் செய்தார்கள். ஆல்கஹால் கலந்த கரைசலை வாய்க்குள், கன்னத்தின் உட்பக்கத்திலும் நாக்கடியிலும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒரு அடிக்கு 2.7 மில்லிகிராம் டி.எச்.சி., 2.5 மில்லிகிராம் சி.பி.டி. அளவு திட்டவட்டம். பிரிட்டனில் 2010-ல் அனுமதி கிடைத்தது, அதுவும் நரம்புறைத் தேய்வு நோயில் (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்) வரும் தசை இறுக்கத்துக்கு. நாளைக்கு அதிகபட்சம் 12 அடி. சாதாரண இடுப்பு வலிக்கு அல்ல. டி.எச்.சி.யைச் செயற்கையாகச் செய்த ட்ரோனபினால் மாத்திரைக்கு அமெரிக்கா 1985-லேயே அனுமதி கொடுத்தது. அதுவும் புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும், பிறகு எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும்தான். வலிக்கென்று கஞ்சாவிலிருந்து எடுத்த அலோபதி மருந்து எதுவும் நம் ஊர் மருந்துக்கடையில் கிடையாது. என் கடையிலும் இல்லை, தேடி அலைய வேண்டாம்.

மேலே பூசும் களிம்பை அதிகம் பேச வேண்டியதில்லை. தோலுக்குள் ஓரளவு இறங்கும், ரத்தத்துக்குப் போவது சொற்பம். போதை வராது என்பது நல்ல செய்தி, முதுகெலும்பின் வட்டு அழுத்தும் நரம்புக்கு அது எட்டாது என்பது கெட்ட செய்தி. அதைத் தேய்க்கும் கைக்கும் பலனில் ஒரு பங்கு உண்டு.

"அப்ப பெங்களூர் எண்ணெயில என்னதான் இருக்கு?"

அங்கே விற்பவை இரண்டு ரகம், இரண்டிலும் லேபிளில் கஞ்சா இலைப் படம் இருக்கும். முதலாவது சணல்விதை எண்ணெய், இந்தப் பெயரில் விற்கிறார்கள், ஆனால் அது கஞ்சா இனச் செடியின் விதையிலிருந்து பிழிந்தது. 2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை உணவாக அனுமதித்தது. கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கக் கூடாது என்பது விதி. அதாவது இல்லாததற்குச் சமம். நல்ல கொழுப்பு இருக்கும், சட்னியில் சேர்க்கலாம். வலி போகாது. இதை வலி எண்ணெய் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்பதை நான் மோசடி என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது, ஆயுஷ் உரிமத்தோடு வரும் விஜயா மருந்து. இலையிலிருந்து எடுத்த சாறு, ஏதாவது ஒரு எண்ணெயில். இதில் டி.எச்.சி. உண்மையிலேயே இருக்கும். கஞ்சா மருந்துச் சட்டத்தில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கான நச்சுப் பொருள் பட்டியலில் இருப்பதால், "மருத்துவ மேற்பார்வையில் எடுக்க வேண்டும்" என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் புட்டியில் இருந்தாக வேண்டும். அந்த வரி இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுப்பவரையும் நம்பாதீர்கள்.

புட்டியில் "1000 மி.கி." என்று பெரிதாகப் போட்டிருக்கும். எதில் ஆயிரம் என்று பாருங்கள். சாறு ஆயிரமா, டி.எச்.சி. ஆயிரமா? இரண்டும் மலைக்கும் மடுவுக்கும். 30 மில்லி புட்டியில் டி.எச்.சி.யே 1000 மில்லிகிராம் என்றால் மில்லிக்கு 33. ஒரு மில்லி ஏறக்குறைய 20 சொட்டு. ஆக ஒரு சொட்டில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல். கஞ்சா மருந்து எழுதிப் பழகிய நாடுகளில் டி.எச்.சி.யை ஒரு வேளைக்கு 2.5 மில்லிகிராமிலோ அதற்கும் கீழேயோ ஆரம்பித்து, நாட்கணக்கில் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறார்கள். இரண்டு சொட்டு என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், சில புட்டிகளில் அதுவே முதல் நாளுக்கு அதிகம். டி.எச்.சி. எவ்வளவு என்று போடாத புட்டியில் இந்தக் கணக்கையே போட முடியாது.

சரி, இத்தனை பாடும் பட்டு எடுத்தால் வலி எவ்வளவு குறையும்? 2021-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பு 32 ஆய்வுகளை, ஐயாயிரத்துச் சொச்சம் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலானவை வாய்வழி மருந்துகள். போலி மருந்து (ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் வெற்று மருந்து) எடுத்தவர்களைவிட நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் கூடுதலானவர்களுக்கு, உணரக்கூடிய குறைந்தபட்ச நிவாரணம் கிடைத்தது. அதே அளவு ஆட்களுக்குத் தலைசுற்றலும் வந்தது. இதை வைத்து ஒரு நிபுணர் குழு, மற்ற மருந்துகள் போதாதபோது புகையல்லாத வழியில் முயன்று பார்க்கலாம் என்று தயக்கத்தோடு பரிந்துரைத்தது. அதே ஆண்டில் உலக வலி ஆய்வுச் சங்கம் சான்று போதாது என்று கையை விரித்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2019-லேயே நாள்பட்ட வலிக்கு டி.எச்.சி. கொடுக்காதீர்கள் என்று எழுதியது.

மாமாவின் நோய்க்கு நெருக்கமானது 2025 செப்டம்பரில் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 820 பேர், கஞ்சாச் சாறு அல்லது போலி மருந்து, பன்னிரண்டு வாரம். சாறு எடுத்தவர்களுக்குப் பத்துக்கு 1.9 புள்ளி குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போலி மருந்துக்காரர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது 0.6தான். இது ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். வலியோடு படுத்து வலியோடு எழுகிறவருக்கு அரைப் புள்ளியும் புள்ளிதான். ஆனால் "பறந்துடும்" என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை.

இனி சட்டம். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் பகுதி. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் செடியின் பூக்கும், காய்க்கும் நுனியைத்தான் கஞ்சா என்கிறது. நுனி சேராத இலையும் விதையும் அதில் வராது. விஜயா மருந்துகள் அந்த இடுக்கில்தான் பிழைக்கின்றன. கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஒரு ஜாமீன் உத்தரவில், பாங்கு அந்தச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல என்றது. அதைப் படித்துவிட்டு ஓசூர் தாண்டினால் எல்லாம் ஃப்ரீ என்று நினைத்தவர்கள் உண்டு. அது பாங்கைப் பற்றியது, சரக்கைப் பற்றியது அல்ல. அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். அப்போது நம் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். அந்தச் சட்டம் மதுவுக்கு மட்டுமல்ல, போதைப்பொருளுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

பூவிலிருந்து கெட்டியாக எடுத்த எண்ணெய் இன்னும் ஆபத்து. சட்டம் அதைச் சரஸ் வகையில், ஹஷிஷ் எண்ணெய் என்று வைக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, சரஸில் 100 கிராம்தான். சிறிய அளவு என்றால் விட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, ஓராண்டு வரை சிறை உண்டு. டொரொன்டோவிலோ பெர்லினிலோ இருக்கும் மருமகன் அங்கே சட்டப்படி வாங்கியதைப் பார்சலில் போட்டால் இங்கே அது இறக்குமதிக் குற்றம். மருத்துவர் சீட்டு வைத்திருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

"நான் வண்டி ஓட்டறவன், எனக்கு இது சரிப்படுமா?" மாமா கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது.

சரிப்படாது. விழுங்கிய டி.எச்.சி. எட்டு மணி நேரம் வரை நிற்கும் என்றேன் அல்லவா? ராத்திரி பத்து மணிக்கு எடுத்தால் விடியற்காலை லோடுக்கு ஸ்டியரிங் பிடிக்கும்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். தூரத்தைக் கணிப்பதும், பிரேக்குக்குக் கால் போகும் வேகமும் மந்தப்படும். ஓட்டுபவருக்கு அது தெரியாது, அதுதான் கொடுமை. சிப்காட் கம்பெனிகளில் பிரஸ் மெஷினில் கைவிட்டு வேலை செய்பவர்களுக்கும் இதே பேச்சுதான். டி.எச்.சி. கொழுப்பில் தங்கும் பொருள். நாள்தோறும் எடுத்தவருக்கு, நிறுத்தி வாரங்கள் ஆன பிறகும் சிறுநீர்ச் சோதனையில் காட்டிக்கொடுக்கும்.

இன்னும் சிலர் கிட்டவே போகக் கூடாது. மனநோய் வந்தவர்கள், குடும்பத்தில் அது உள்ளவர்கள், இளம் வயதினர், கர்ப்பிணிகள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குச் சி.பி.டி. சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். பிரிகாபலின், டிரமடால், தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கம் இரட்டிப்பாகும்.

"எல்லாத்துக்கும் வேணாம்னு சொல்லிட்டா நான் என்னதான் பண்றது?" என்றார். நியாயமான கோபம். வலியோடு இருப்பவரிடம் இல்லை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது மருந்துக்கடைக்காரனுக்கு அழகல்ல.

அவருடைய வலி இரண்டு. இடுப்பிலிருந்து இழுப்பது நரம்பு அழுத்தம், உள்ளங்கால் எரிச்சல் சர்க்கரையால் நரம்பு கெட்டது. இரண்டாவதற்குக் கஞ்சாவைவிட நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின், கேபாபென்டின். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் மாத்திரை ராத்திரி ஒன்று என்று ஆரம்பிப்பார்கள், மாதச் செலவு டீச் செலவைவிடக் குறைவு. அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் செலவும் இல்லை. இன்னொரு விஷயத்தைப் பல பேர் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையும். அந்தக் குறைவே காலை எரிய வைக்கும். ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், ஊசியில் சரியாகிவிடும். பி12 குறைவை வைத்துக்கொண்டு கஞ்சா எண்ணெய் தேடி பெங்களூர் போவது வீண் அலைச்சல்.

இடுப்புக்கு, எக்ஸ்ரேயையும் எம்.ஆர்.ஐ.யையும் எடுப்பதற்கு முன்னால் பிசியோதெரபி. நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும், வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் அடக்கம். மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம் பலரும் சர்க்கரை மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள். வலியையும் சொல்லுங்கள். போலுப்பள்ளியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் வந்துவிட்டது, எலும்பு, நரம்பு பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இடுப்பு வலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிப்பது கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, அன்றைக்கே போக வேண்டும்.

புற்றுநோய் வலி என்றால் பேச்சே வேறு. அங்கே கடுமையான வலிக்கு முதல் மருந்து மார்ஃபின் மாத்திரை. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை ஆஸ்பத்திரிகள் வாங்கி வைப்பதை எளிதாக்கினார்கள். திருவனந்தபுரம் பாலியம் இந்தியாவின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல வருஷம் போராடி வாங்கியது அது. அதைக் கேட்காமல் கஞ்சா எண்ணெய்க்குக் காசு கொடுக்கும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் பிறகு, வேறு எதுவும் கேட்காத வலிக்கு, வண்டியும் மெஷினும் ஓட்டாத ஒருவருக்கு, ஆயுஷ் மருத்துவர் பார்த்து, டி.எச்.சி. அளவு தெளிவாகப் போட்ட விஜயா மருந்தை விழுங்கும் வடிவில் சொற்ப அளவில் முயன்று பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. இரண்டு மாதத்தில் வலியும் தூக்கமும் தெரியும்படி மாறாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். புகைக்கு மட்டும் எந்த வலிக்காரருக்கும் நான் தலையாட்ட மாட்டேன்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் எதை, எந்த வழியில், எவ்வளவு, கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். கஞ்சா பழகிய உடம்புக்கு மயக்க மருந்தின் அளவு மாறும், இதயத் துடிப்பும் மாறும். அவர் கேட்பது உங்களைப் பிடித்துக்கொடுக்க அல்ல, மேஜையில் உங்களைப் பத்திரமாகத் தூங்க வைக்க.